கூரையைத் தாங்குவது எது?

நிலக்கரி வெட்டும் தொழிலாளியின் தலைக்கு மேலே வானம் இல்லை, பாறை இருக்கிறது. கரியை வெட்ட வெட்டக் கீழே வெற்றிடம் விரிகிறது. மேலே பாறை தொங்குகிறது. அதற்கு முட்டுக் கொடுத்தால் உயிர். மறந்தால் அதுவே சமாதி!

முன்பெல்லாம் மரத்தூண்தான் முட்டு. சுமை ஏறினால் மரம் முனகும். அந்த முனகலே எச்சரிக்கை. கேட்டவன் ஓடிப் பிழைப்பான். ஆனால், தூண்கள் நிறைந்த இடத்திலே பெரிய இயந்திரம் திரும்ப முடியாது.

1940களின் கடைசியிலே அமெரிக்கச் சுரங்கங்களில் புதுமுறை பரவிற்று. கூரையிலே துளையிட்டு, இரும்புக் கம்பியைச் செலுத்தி முடுக்கினார்கள். பிளந்து விழக்கூடிய பாறை அடுக்குகளை அது ஒன்றாகத் தைத்து உத்தரம்போல் ஆக்கிற்று. அறிவியல் தந்த அருமையான கருவி, ஐயமில்லை.

சாவு குறைந்ததா? இல்லை! கூரை விழுந்து மாண்டவர்களின் விகிதம் பல ஆண்டுகள் இறங்கவேயில்லை. ஏன்? தூண்கள் அகன்றதும் இயந்திரம் தாராளமாக ஓடிற்று, உற்பத்தி உயர்ந்தது. கம்பியின் எண்ணிக்கையிலோ சிக்கனம் பிடித்தார்கள்! கம்பி பதிக்காத கூரையின்கீழும் ஆட்கள் நடமாடினார்கள்.

1968 நவம்பர் 20இல் மேற்கு வர்ஜீனியாவின் பார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டனர். அது கூரை விபத்தன்று. ஆயினும், அதனால் எழுந்த குமுறல்தான் 1969ஆம் ஆண்டின் சட்டத்தைப் பெற்றுத் தந்தது. கூரையை எப்படித் தாங்கப் போகிறோம் என்ற திட்டத்துக்கு ஒவ்வொரு சுரங்கமும் அரசின் ஒப்புதல் பெறவேண்டும். முட்டில்லாத கூரையின்கீழ் எவரும் செல்லக்கூடாது. ஆண்டுக்கு நான்கு முறையேனும் சுரங்கம் முழுவதும் சோதிக்கப்படவேண்டும் என்றது அந்தச் சட்டம். அதன்பின் சாவு சரியத் தொடங்கிற்று. 2016இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் கூரை விழுந்து ஒருவர்கூடச் சாகவில்லை, வரலாற்றிலேயே முதன்முறையாக!

கம்பி இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. காவல்தான் பிந்தி வந்தது. இடையிலே போன உயிர்களுக்கு யார் பொறுப்பு?

கெடுபிடி குறைந்தால் தொழில் வளரும் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: சோதனையைத் தளர்த்துவது, நிற்கிற தூணை உருவுவதல்லாமல் வேறென்ன?

மரம் முனகி எச்சரித்தது. இரும்பு அப்படி முனகாது. ஆகவே, முழங்கவேண்டியது தொழிலாளியின் சங்கம்தான்!