முளைக்குச்சி ஒழுக்கம்

போன ஆவணியில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலையில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கைகழுவப் போன மாப்பிள்ளையை வழிமறித்து ஒரு பெரியவர் புத்தி சொன்னார். "தம்பி, கையில காசு நிக்கணும்னா முதல்ல ஒரு வீட்டு லோனைப் போட்டுடு. மாசம் பொறந்தா டியூ வந்து வாசல்ல நிக்கணும். அப்பத்தான் பொறுப்பு வரும். இல்லன்னா வர்றதெல்லாம் வந்த வழியே போயிடும்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மாப்பிள்ளையும் ஆட்டினான். தாலி கட்டி நாலு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

பெரியவர் நல்லவர்தான். அவர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கும் இல்லை. ரேஷன் கடை வரிசையில், ஆசிரியர் அறையில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்று இருபது வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடன் இருந்தால்தான் செலவு அடங்கும், கடனில்லாத வீட்டில் காசு தங்காது என்கிறார்கள். பழமொழிக்குரிய மரியாதை இந்தப் பேச்சுக்கு வந்துவிட்டது. நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள். பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்று தினமும் அளந்து பதிவேட்டில் எழுதிய கை இது. கணக்கு தெரிந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது பச்சைப் பொய்.

மாட்டை முளைக்குச்சி அடித்துக் கட்டுகிறோம். கயிற்றின் நீளத்துக்கு மேல் அது போகாது, பக்கத்துக் கொல்லை மல்லாட்டைச் செடியில் வாய் வைக்காது. அதற்காக அதை ஒழுக்கமான மாடு என்று யாரும் சொல்வதில்லை. கயிறு அறுந்த அன்றைக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒருவர் பதினைந்து வருஷம் ஒரு மாதம் தவறாமல் டியூ கட்டினார். கடைசித் தவணை கட்டிப் பத்திரத்தை வாங்கி வந்த அன்று தெருவுக்கே கேசரி கொடுத்தார். கார்த்திகை தீபத்துக்குள் அவர் வீட்டு வாசலில் புதுக் கார் நின்றது, ஏழு வருஷத் தவணையில். "மாசம் கையில மிச்சம் நிக்குதுல்ல" என்றார். பதினைந்து வருஷத்தில் அவருக்குப் பழகியது டியூ கட்டுவது மட்டும்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருபது லட்சம் ரூபாய், எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம். மாதம் 17,356 ரூபாய் வரும். முதல் மாதம் அதில் 14,167 ரூபாய் வட்டிக்குப் போகிறது, அசலில் கழிவது 3,189. ஒரு வருஷம் முழுக்கக் கட்டினால் கையை விட்டுப் போவது இரண்டு லட்சத்து எட்டாயிரம், அசலில் குறைவது நாற்பதாயிரத்துக்கும் கொஞ்சம் கீழே. இருபது வருஷம் முடியும்போது மொத்தம் நாற்பத்தொன்றரை லட்சத்துக்கு மேல் கட்டியிருப்போம். "கட்டாயச் சேமிப்பு" என்று இதற்குப் பெயர் வைத்தவர் முதல் வருஷத் தவணைப் பட்டியலைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. உண்டியலில் ஐந்து ரூபாய் போட்டால் நாலு ரூபாயை எடுத்துக்கொள்ளும் உண்டியலை எந்தத் தாயும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க மாட்டாள்.

வருமான வரி மிச்சமாகுமே என்பார்கள். எங்கள் ஊரில் வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிப்பவர்களை எண்ணிவிடலாம். அவர்களுக்கும், பழைய முறையில்தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் இரண்டு லட்சம் வரை கழிவு. 2023-24 முதல் தானாகப் பொருந்துகிற புதிய முறையில் அது கிடையாது. இருபது சதவீத வரி கட்டுபவர் வட்டியாக ஐந்து ரூபாய் கொடுத்தால் வரியில் ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். இதை லாபம் என்று பேசுவது எனக்கு விளங்குவதே இல்லை.

இனி, செலவு அடங்குகிறதா என்ற முக்கியமான கேள்விக்கு வருவோம். டியூ செலவை அடக்குவதில்லை, வருமானத்தை முதலில் பிடுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணம் வழக்கம்போல வரும். ஆடியில் கூழ் ஊற்றுவது, கார்த்திகையில் தீபம், நடுவில் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, எதுவும் நிற்காது. அடி அண்ணாமலையில் வாக்கப்பட்டவளுக்குத் தீபம் எப்படிப்பட்ட செலவு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கொடியேற்றிய நாளிலிருந்து பத்து நாளும் உறவு வரும். மலையைப் பதினாலு கிலோமீட்டர் சுற்றிக் கிரிவலம் வருகிறவர்கள் பாதிவழியில் நம் வீட்டுத் திண்ணையில்தான் காலை நீட்டுவார்கள், சோறு போடாமல் இருக்க முடியாது. முதல் தேதியே பதினேழாயிரம் போய்விட்ட வீட்டில் இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது? வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. அதை மீட்கக் குழு லோன். குழு லோனைக் கட்டத் தெருமுனைத் தண்டல்காரர். ஒரு பெரிய கடனுக்குப் பின்னால் நாலு சின்னக் கடன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். செலவு அடங்கிய வீடு என்று வெளியே பேர், உள்ளே பீரோவில் அடகுச் சீட்டுக் கட்டு.

எங்கள் ஊர் வருமானத்துக்கும் தவணைத் தேதிக்கும் பொருத்தமே கிடையாது என்பது இன்னொரு விஷயம். இங்கே பாதிக் குடும்பத்துக்குக் கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமிதான் சம்பள நாள். இளநீர், சுக்குக் காபி, செருப்பு பார்த்துக்கொள்வது, வண்டி நிறுத்த இடம் விடுவது என்று ஒரு ராத்திரியில் வருவது பத்து நாள் கூலிக்குச் சமம். மழை பெய்தால் அதுவும் போச்சு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கிரிவலத்தை நிறுத்தினார்கள். மறுபடி ஜனங்கள் நடக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. ரிசர்வ் வங்கி கொடுத்த தவணை ஒத்திவைப்போ மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறே மாதம். அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேலே சொன்ன இருபது லட்சக் கடனை அப்போதுதான் வாங்கிய ஒருவர் ஆறு தவணையைத் தள்ளிவைத்து, பிறகு அதே தொகையைக் கட்டி வந்தால் கடைசியில் ஏறக்குறைய முப்பது தவணை கூடும். வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அதைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்குதான் இது.

அதற்குப் பின்னாலும் வட்டி விடவில்லை. 2022 மே மாதம் நாலு சதவீதமாக இருந்த, வீட்டுக் கடன் வட்டிக்கு அடிப்படையான ரெப்போ வட்டி 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆனது. ஆறே முக்கால் சதவீதத்துக்குப் பக்கத்தில் கடன் எடுத்தவர்கள் ஒன்பதைத் தாண்டினார்கள். தவணைத் தொகையை மாற்றாமல் விட்டவர்களின் பணத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக வட்டியே தின்றது, வருஷக்கணக்கு மட்டும் நீண்டுகொண்டே போனது. தவணையைக் கூட்டுவதா, காலத்தைக் கூட்டுவதா என்று கடன் வாங்கியவரிடமே கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட வேண்டியிருந்தது. பிறகு 2025-இல் வட்டி இறங்கியது உண்மை. நாளைக்கு ஏறுமா இறங்குமா என்பது அந்த மாப்பிள்ளை கையில் இருக்கிறதா?

கடனில்லாமல் வீடு கட்டிவிட்டால் சோதனை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அப்போதுதான் அது தொடங்கும். எங்கள் வீட்டு வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை. அது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பத்திரத்தின் மேல் ஊரார் கண். என் கொழுந்தனார் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். "பத்திரம் பீரோவுல சும்மாத்தானே கெடக்கு அண்ணி, அஞ்சு லட்சம் எடுத்துக் குடுங்க, கடை போட்டு நானே டியூ கட்டிடறேன்" என்றார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் காபி போட எழுந்து போனேன். இரண்டு வருஷம் கொழுந்தனார் எங்களோடு பேசவில்லை, மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை. வலித்தது. ஆனால் தொண்ணூறு நாள் தவணை நின்றால் வாராக்கடன், பிறகு அறுபது நாள் நோட்டீஸ், அதற்கப்புறம் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வீட்டைக் கைப்பற்றலாம் என்று 2002-ஆம் வருஷச் சர்ஃபேசி சட்டம் சொல்கிறது. இதைப் படித்தவள் காபிதான் போடுவாள். பீரோவில் இருக்கும் பத்திரம் சும்மா கிடக்கவில்லை, ராத்திரி நம்மைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறது.

பத்திரம் இருக்கிறதே என்று கடன் புரட்டுவது நம் ஊர்ப் பைத்தியம் மட்டுமல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாபில் மால்கம் டார்லிங் என்ற வெள்ளைக்கார அதிகாரி விவசாயிகளின் கடனை ஊர் ஊராக ஆராய்ந்து 1925-இல் புத்தகம் போட்டார். ஏழ்மை மட்டும் கடனை வளர்க்கவில்லை, நிலத்தின் விலை ஏறி, அதை ஈடாக வைத்துப் பெரிய தொகை புரட்டலாம் என்று ஆனபோது வசதியான இடங்களிலும் கடன் பெருத்தது என்று கண்டார். கிரிவலப் பாதை ஓரத்தில் ஒரு சென்ட் என்ன விலை என்று தெரிந்தவர்கள் இதை இன்னொரு முறை படிக்கலாம்.

ஒழுக்கம் கடனிலிருந்து வராது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான அதே 1989-இல்தான் பக்கத்துத் தருமபுரியில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. பின்னாளில் அது மகளிர் திட்டமாக எங்கள் பக்கம் வந்தபோது நானும் ஒரு குழுவுக்கு ஊக்குநராக இருந்தேன். விதி எளிமையானது. முதல் ஆறு மாதம் சேமிக்க வேண்டும். சேர்ந்த காசைத் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிப் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் குழுவைத் தரம் பார்த்து வங்கி கடன் தரும். மாதம் ஐம்பது ரூபாய் கட்டத் திணறிய பெண்கள், கூட்டத்துக்குக் கூட்டம் நோட்டில் தங்கள் பேருக்கு நேரே தொகை ஏறுவதைப் பார்த்துக் கையைச் சுருக்கக் கற்றார்கள். அந்த ஆறு மாதத்தில் எங்களை மிரட்ட ஒருவரும் வாசலில் நிற்கவில்லை. இன்றைக்குக் "குழு" என்றால் அர்த்தமே வேறு. டெபாசிட் வாங்கவே அனுமதியில்லாத தனியார் நிதிக் கம்பெனிகள், பத்துப் பெண்களை ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிறுத்திக் கடன் மட்டும் கொடுக்கின்றன. சேமிப்பு நோட்டு போனது, தவணை அட்டை வந்தது. குடும்ப வருமானத்தில் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்று 2022-இல் ரிசர்வ் வங்கி வரம்பு வகுத்தது. பாதி! வசூல் அடாவடியைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. கடன் பொறுப்பைத் தரும் என்றால் இந்தச் சட்டத்துக்கு என்ன வேலை?

"வாங்காமல் காத்திருந்தால் மனை விலை ஓடிவிடும், அப்புறம் ஏழு ஜென்மத்துக்கும் வாங்க முடியாது" என்பதுதான் எதிர்த்தரப்பின் பலமான வாதம். இதை நான் தள்ளிவிட மாட்டேன். இருபது வருஷம் முன்பு கடன் எடுத்து இங்கே மனை வாங்கியவர்கள் இன்றைக்கு லட்சாதிபதிகள், காகிதத்தில். ஆனால் அவர்களை உயர்த்தியது மலையும் பௌர்ணமியும். டியூ கற்றுக்கொடுத்த சிக்கனத்துக்கு அதில் பங்கு இல்லை. தவணை கட்ட முடியாமல் விற்றுவிட்டுப் போனவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வதும் இல்லை. பயிர்க்கடன், படிப்புக்கடன் வேறு ரகம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. புத்தி வருவதற்காகக் கடன் வாங்கு என்பவர்களோடுதான் என் சண்டை.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மாமியார் வழியில் வந்த மூன்று சென்ட் இருந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம், மறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். என் சம்பளமும் அவர் கூலியும் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். பௌர்ணமி சுக்குக் காபிக் காசு தனி டப்பாவில், அது வீட்டுக்கு. நிரம்பியதும் அஞ்சலகத்தில் போடுவோம். 2014-இல் கடைக்கால் எடுத்தோம். பேஸ்மட்டத்தோடு இரண்டு வருஷம் நின்றது, அதில் ஆடு ஏறி விளையாடியது, ஊர் சிரித்தது. 2018-இல் தளம் போட்டுப் பூசாத சுவருக்குள் குடி போனோம். இரண்டு வருஷம் கிரிவலம் நின்றபோது டப்பா காலி, வேலையும் நின்றது. எந்த நோட்டீசும் வரவில்லை.

செலவு நோட்டில் நான் எழுதும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். எங்களுக்கு வந்த மொய் முழுவதையும் கடன் என்றே எழுதுவேன். தேதி போடாத கடன் அது, யார் வீட்டுப் பத்திரிகையோடு எப்போது திரும்பி வரும் என்று தெரியாது. அதை வரவு என்று நினைத்துச் செலவழித்த வீடுகள்தான் அடுத்த கல்யாணத்துக்கு வளையலை அடகு வைக்கின்றன. தீபத்துக்கு ஆகும் அரிசி, பருப்பை ஆடியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். பத்து நாள் விருந்து உண்டு, கஞ்சத்தனம் இல்லை. கணக்கும் உண்டு.

அந்த மாப்பிள்ளைக்குப் புத்தி சொன்ன பெரியவருக்கும், அவரைப்போல் கைகழுவும் இடத்தில் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு புதுப் பையனிடம் "லோனைப் போட்டுடு" என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் வீட்டுத் தவணைப் பட்டியலைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுங்கள். முதல் வருஷத்துப் பக்கத்தை அவன் சத்தமாகப் படிக்கட்டும்.