விழா மலர்; வகுப்பறையே வேர்!

கனடா நாட்டின் மானிட்டோபா மாநிலத்தில், செவ்வாற்றின் கீழ்க்கரையில், வின்னிப்பெக்கு நகரோடு இணைந்து கிடப்பது சென்போனிபாசு. ஆண்டுதோறும் பிப்பிரவரித் திங்களில், ஆறும் உறைந்து கல்லாகும் கடுங்குளிரில், அங்குவாழ் பிரெஞ்சு மக்கள் ஏறத்தாழப் பத்து நாள் விழா எடுக்கின்றனர். பனியிற் பேருருவங்கள் செதுக்குகின்றனர்; வண்ண இடைக்கச்சை கட்டி நரம்பிசைக்கு ஆடுகின்றனர்; பட்டாணிக் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்துண்கின்றனர்.

அவ்விழாவின் தலைமக்கள் மன்னரல்லர், படைத்தலைவருமல்லர். விலங்குத்தோல் வணிகத்திற்காக மரப்பட்டைப் படகு வலித்த கூலித் தொழிலாளரே அவர்கள். நீர்வழி அறுபட்ட இடங்களில், ஒவ்வொன்றும் 40 கிலோ அளவுள்ள இரு மூட்டைகளை முதுகிற் சுமந்து நடந்தவர்கள். பிரெஞ்சுப் பாட்டிசைத்தே துடுப்பு வலித்தவர்கள். உழைப்பவன் நாவில் வாழ்வதே உயிர்மொழி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் அம்மொழி பட்ட பாடு சிறிதன்று. 1870-இல் மானிட்டோபா மாநிலம் அமைந்தபோது, சட்டமன்றத்திலும் வழக்குமன்றத்திலும் ஆங்கிலத்தோடு பிரெஞ்சுக்கும் இடமளித்தது சட்டம். இருபதே ஆண்டுகளில், 1890-இல், ஆங்கிலம் ஒன்றே ஆட்சிமொழி என்று அவ்வுரிமை பறிக்கப்பட்டது. 1916-இல் இருமொழிப் பள்ளிகளும் ஒழிக்கப்பட்டன. அதன்பின் ஆசிரியர்கள் மறைவாகவே பிரெஞ்சு கற்பித்தனர். ஆய்வாளர் வருகிறார் என்றதும் பிரெஞ்சு நூல்கள் மறைக்கப்பட்டன. ஆங்கில நூல்கள் விரிக்கப்பட்டன. தாய்மொழி நூலைக் கள்ளப்பொருள் போல் ஒளித்து வைத்த பிள்ளையின் நெஞ்சில் ஏறிய வடு எளிதில் ஆறுமோ?

1970-இல் இவ்விழா முதன்முதல் நடைபெற்றது. அதே ஆண்டில்தான் பிரெஞ்சு மீண்டும் பயிற்றுமொழியாகச் சட்டம் இசைந்தது. ஒளித்துப் படித்த மொழியை ஊர்நடுவே உரக்கப் பேசும் துணிவை விழா தந்தது. அம்மொழியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் வழியைப் பள்ளி தந்தது.

"விழா ஒன்றே போதும், மக்கள் கூடினால் மொழி வாழும்" என்பார் உளர். அது பிழை. அவ்விழாவிற்கு ஆங்கிலம் ஒன்றே அறிந்தாரும் திரளாக வருகின்றனர். உண்டு, ஆடி, மகிழ்ந்து செல்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால், கஞ்சி குடிக்க மொழி வேண்டா. பாட்டன் கதையைப் பேரன் கேட்கவே மொழி வேண்டும்!

உரிமையைக் காத்தவை உறுதியும் விடாமுயற்சியுமே. ஆங்கிலத்தில் மட்டும் எழுதித் தரப்பட்ட ஊர்தி நிறுத்தத் தண்டச்சீட்டை ஏற்க மறுத்து வழக்காடினார், சென்போனிபாசு வாழ் சியார்சு பாரெசுட்டு. சிறு தண்டந்தானே என்று அவர் செலுத்தி ஒழிந்திருக்கலாம், செலுத்தவில்லை. 1979-இல் கனடா உச்சநயன்மன்றம் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 1985-இல், ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய மானிட்டோபாச் சட்டங்கள் யாவும் செல்லாவென்று கூறி, அவற்றை மொழிபெயர்க்கக் காலவரம்பும் விதித்தது. 1994-இல் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கெனத் தனி ஆட்சிப் பிரிவே அமைந்தது. ஒரு தாள் துண்டை மறுத்த மானவுணர்வு, ஒரு நூற்றாண்டு அடிமைத்தளையை அறுத்தது!

அதே கனடா நாட்டில் தமிழரும் வாழ்கின்றனர். சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக அந்நாட்டு நாடாளுமன்ற மக்களவை 2016-இல் ஏற்றது. பெருமையே! ஆனால், பொங்கலிட்டு, பறை முழக்கி, பட்டுடுத்தி மேடையேறும் பிள்ளை, மேடையிறங்கியதும் தாயிடம் எம்மொழியிற் பேசுகிறது? மேடையில் மட்டும் வாழும் மொழி, காட்சிப் பேழையில் வைத்த பறவை. அதற்குச் சிறகுண்டு, பறப்பில்லை.

விழா எடுப்போம், அதனினும் முந்தி வீட்டிற் பேசுவோம், பள்ளியிற் பயிற்றுவோம். வேருக்கு நீர் வார்ப்பார்க்கே மலர் சூடும் உரிமை உண்டு!