கணவாய்க்கு விலை வைப்பது யார்?



‘நம்ம ஆட்களுக்குக் கணவாயின் அருமை தெரியாது, ஜப்பான்காரனுக்குத்தான் தெரியும், அதான் அங்கே அந்த விலை’ என்று ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. படித்த பிள்ளைகளே அதற்குக் கைதட்டுகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அருமை தெரியாதா? உவரியிலோ கூட்டப்புளியிலோ போய்க் கேளுங்கள். ஊசிக் கணவாய் எது, ஓட்டுக் கணவாய் எது, எதை வறுக்கலாம், எதைக் குழம்பு வைக்கலாம் என்று சின்னப் பிள்ளை சொல்லும். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று வாங்குகிறோமே, அது ஓட்டுக் கணவாயின் முதுகு ஓடுதான்.

ஜப்பானில் கணவாயைப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். அதனால் இரவில் விளக்குப் போட்டு, தூண்டிலில் பிடித்து, உடனே ஐஸில் வைக்கிறார்கள். இழுவலையில் நசுங்கி, தோல் உரிந்து வருவதற்கு அந்த விலை கிடைக்காது. நம் கடற்கரையிலும் தூண்டிலில் கணவாய் பிடிப்பவர்கள் உண்டு. சரக்கில் குறையில்லை. கரையில் ஐஸ் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் அந்தத் தரம் போய்விடுகிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுகள் இருக்கின்றன. ஆட்டு ரோமத்தை நம்பிக் கிடந்த ஊர். 1987 முதல் தங்கள் கடலில் கணவாய் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களிடம் உரிமக் கட்டணம் வாங்கினார்கள். தீவின் பொருளாதாரமே மாறிவிட்டது. அவர்கள் கணவாயை ருசித்துப் பணக்காரர் ஆகவில்லை. ‘எங்கள் கடலில் பிடிக்க இதுதான் கட்டணம்’ என்று சொல்லும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது.

நம் கணவாயும் உறைய வைக்கப்பட்டு ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போகிறது. அங்குள்ள உணவக விலை முழுவதும் மீனவருக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுத்தம் செய்யும் கூலி, குளிர்பதனம், கப்பல் வாடகை, கடை வாடகை எல்லாம் அதில் உண்டு. என் கேள்வி கரையில் வைக்கும் முதல் விலையைப் பற்றியது. எஞ்சினுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கியவர் பிடித்ததை அந்த வியாபாரியிடமே கொடுத்தாக வேண்டும். அவர் சொன்னதுதான் விலை. இதற்கும் ருசிக்கும் என்ன சம்பந்தம்?

இதை மாற்ற முடியாது என்று சொல்லாதீர்கள். பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீனவர்களே ஊர்ச் சங்கம் வைத்து, கரையிலேயே ஏலம் விட்டு, கடனும் சேமிப்பும் தாங்களே நடத்திக் காட்டினார்கள். அப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்துதான் 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது.

என் மாணவர்களில் வங்கியில் இருக்கிறீர்கள், ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறீர்கள், அரசுப் பணியிலும் இருக்கிறீர்கள். சின்னப் படகுக்காரருக்கு நியாயமான வட்டியில் கடன், கரையில் ஐஸ், எல்லார் முன்னாலும் ஏலம். இந்த மூன்றில் உங்களால் ஆனதைச் செய்யுங்கள். மற்றவர்கள், அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் அனுப்பியவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘கரையில் அந்தக் கணவாய்க்கு விலை சொன்னது யாருங்க?’