வெண்கோல் ஏந்திய குலம்

ஒரு நாட்டின் அரியணை 969 ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தது. அதனை நோக்கி ஏறும் படிகளுள் ஆகக் கீழ்ப்படியிலே, அணிவேலைப்பாடு எதுவுமற்ற கருங்கல் ஆசனமொன்று இடப்பட்டிருந்தது. நாட்டை ஆண்டவர்களின் இருக்கை அதுவே. ஒருவர்பின் ஒருவராய் 26 பேர் ஆண்டனர். அவருள் ஒருவரேனும் மேற்படி ஏறி அரியணையில் அமர்ந்தாரல்லர். முடி சூடினாரல்லர். செங்கோல் அவர்களுக்கில்லை, வெண்ணிறக் கோலொன்றே அவர்தம் ஆட்சியின் அடையாளம். அவர்களின் கொடியும் சின்னமெதுவும் பொறிக்கப்படாத வெள்ளைக் கொடியே.

இந்த நாடு உலகப் படத்தில் இல்லை. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே பழைய ஆங்கிலத்தையும் பின்னர் ஆங்கில மொழியையும் இலக்கியத்தையும் கற்பித்த பேராசிரியர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன், 1954 ஆம், 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘த லோர்ட் ஒஃப் த றிங்ஸ்’ என்னும் பெருங்கதையில் வரும் கொண்டோர் நாடு அது. அந்நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளர் குலத்தைப் பற்றியே ஈண்டுப் பேசப் புகுகின்றேன்.

கற்பனை இராச்சியமொன்றின் குலவரலாற்றை வளர்ந்தவர்கள் இருந்து ஆராய்வதா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். வகுப்பறைகளில் இக்குரலை நான் அடிக்கடி கேட்டிருக்கின்றேன். குள்ளர்களும் மந்திரவாதிகளும் பறவை நாகங்களும் உலவும் கதை சிறுவர்க்குரியது என்பது அவர்கள் எண்ணம். இவர்களே இராமகாதையைப் பற்றி மூன்று மணி நேரம் சொற்பொழிவாற்றுவார்கள். அங்கே பத்துத் தலையும் பறக்கும் விமானமும் அவர்களுக்கு இடறுவதில்லை. அது நிற்க. கதை நிகழும் நாடு மெய்யா பொய்யா என்பதன்று வினா. அங்கு வாழ்வோரின் இடுக்கண் மெய்யா என்பதே வினா. டெனெதோர் என்னும் முதியவனின் இடுக்கண் மெய்யானது என்பது என் துணிபு. அதனைப் பெரும்பாலோர் பிழையாக விளங்கிக்கொண்டுள்ளனர் என்பது என் குறை.

குலத்தின் தொடக்கம் எளியது. எமின் ஆர்னன் என்னும் மலைநாட்டவனான ஹூரின், 17 ஆம் நூற்றாண்டில் (கதையின் ‘மூன்றாம் யுக’க் கணக்கிலே சொல்கின்றேன்) மினர்டில் மன்னனுக்கு அமைச்சுப் பொறுப்பாளனாயிருந்தான். அவனுக்குப் பின் வந்த மன்னர்களெல்லாம் அப்பதவிக்கு அவன் வழியினரையே தெரிந்தெடுத்தனர். 1944 ஆம் ஆண்டில் ஒண்டோகர் மன்னனும் அவனுடைய இரு மைந்தரும் போரில் மாண்டபோது, ஹூரின் வழிவந்த பெலெண்டூர் ஓராண்டு காலம் நாட்டை நடத்தினான். அவ்வேளையில் வடநாட்டு அரசனான அர்வெடூயி, இறந்த மன்னனின் மகளை மணந்தவன், கொண்டோர் முடியிலும் தனக்கு உரிமை உண்டென்று கேட்டான். அவ்வுரிமை மறுக்கப்பட்டது. மறுத்ததில் முதன்மையானவன் பெலெண்டூர். இந்த நிகழ்ச்சியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது பேசும்.

பெலெண்டூருக்குப் பின்பு பொறுப்பாளர் பதவி தந்தையிடமிருந்து மகனுக்கோ நெருங்கிய உறவினனுக்கோ செல்லும் பரம்பரைச் சொத்தாயிற்று. 2050 இல் எயார்னூர் மன்னன், பகைவனின் அறைகூவலை ஏற்றுத் தனிப்போருக்குச் சென்றான். முதன்முறை அறைகூவல் வந்தபோது அவனைத் தடுத்து நிறுத்திய பொறுப்பாளன் மார்டில், இம்முறை தடுக்க இயலாதவனானான். சென்ற மன்னன் மீளவில்லை. அவனுக்குப் பிள்ளையுமில்லை, அவன் இறந்ததைக் கண்டாரும் இல்லை. ஆகவே மன்னன் மீண்டு வரும்வரை அவன் பெயரால் ஆள்வேன் என்று ஆணையிட்டு மார்டில் கோலைக் கையேற்றான்.

இவ்விடத்தில் எந்தத் தமிழ் வாசகனுக்கும் பரதன் நினைவு வராமற்போகாது. பாதுகையை அரியணையில் வைத்து நந்திக்கிராமத்திலிருந்து ஆண்டவன் அவன். பரதனின் பெருமையை நாம் பாடுகின்றோம், பாட வேண்டியதுதான். ஆனால் அவன் காத்திருந்தது 14 ஆண்டுகள். காத்திருந்தவன் அவனே, யாருக்காகக் காத்திருந்தானோ அவனுடைய முகத்தை அறிந்தவன். குறித்த நாளில் அண்ணன் வராவிடின் தீப்புகுவேன் என்று சொல்லும் வேகமும் அவனிடம் இருந்தது. இராமன் வராமலே பரதன் முதுமையெய்தி இறந்து, பாதுகையை அவன் மகன் காத்து, மகனுக்குப் பின் பேரன் காத்து, இவ்வாறே ஒன்பது நூற்றாண்டு கழிந்திருந்தால் என்னாகும்? நம் காவியங்கள் கேளாத அக்கேள்வியை ரொல்கீன் கேட்டிருக்கின்றார். முதல்வனின் ஆணை நெஞ்சிலிருந்து வந்தது. இருபத்தாறாமவனுக்கு அது பட்டமேற்கும் நாளில் ஓதும் வாய்பாடு. மன்னன் வரும்வரை என்ற சொற்றொடர், ஓத ஓத, மன்னன் வரவே மாட்டான் என்ற பொருளைத் தனக்குள் வளர்த்துக்கொண்டது. வடக்கிலே பழைய அரசகுலம் இன்னும் மறைவாய் வாழ்கின்றதென்ற பேச்சு அவ்வப்போது எழுந்தது. பொறுப்பாளர்களோ அப்பேச்சுக்குத் தம் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டனர்.

குலம் இடையில் உயர்ந்ததையும் மறைக்கலாகாது. 2510 இல் கிரியோன் என்னும் பொறுப்பாளன், வடபுலத்திலிருந்து குதிரைப்படையோடு வந்து தன் நாட்டைக் காத்த எயோர்லுக்கு ஒரு மாகாணம் முழுவதையுமே ஈந்தான். அதுவே றோகன் நாடாயிற்று. 2872 இல் மன்னர்களின் முற்றத்து வெண்மரம் பட்டுப்போனது. அதன் நாற்றொன்றும் கிடைக்கவில்லை. பட்ட மரத்தை வெட்டாமல், மன்னன் வரட்டும் என்று அப்படியே நிற்க விட்டார்கள். காய்ந்த மரத்துக்குக் காவல் வைத்த நகரம் அது. அவர்களின் விசுவாசத்துக்கும் அதுதான் சான்று, விறைப்புக்கும் அதுதான் சான்று.

இனி டெனெதோர். 2930 இல் பிறந்தவன். தந்தை எக்தேலியனின் காலத்தில் தோறொங்கில் என்ற பெயரோடு ஓர் அந்நியன் வந்து சேவகம் புரிந்தான். அவன் பெரும் படைத்தலைவன். 2980 இல் உம்பார்த் துறைமுகத்தில் பகைவரின் கப்பல்களை எரித்துவிட்டு எவரிடமும் சொல்லாமற் போய்விட்டான். அவன் இருந்த காலமெல்லாம் மக்கள் உள்ளத்திலும் தந்தையின் மதிப்பிலும் டெனெதோருக்கு இரண்டாம் இடமே கிடைத்தது. அந்த அந்நியனே அரகோர்ன், வடநாட்டு அரசகுலத்தின் வழித்தோன்றல். டெனெதோர் இதனை ஊகித்துவிட்டான் என்று பின்னாளில் பலர் கருதினர். 2988 இல் அவன் மனைவி ஃபின்டுயிலஸ் இறந்தாள். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் பின்னரே அவன், முன்னோர் எவரும் தொட அஞ்சிய பலந்தீர் என்னும் காட்சிக்கல்லை எடுத்து நோக்கத் துணிந்தான்.

அக்கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பகைவன் அதன்வழி டெனெதோருக்குப் பொய்யான காட்சிகளைக் காட்டவில்லை. மெய்யானவற்றையே காட்டினான், எதைக் காட்டுவதென்பதை மாத்திரம் அவன் தெரிந்தெடுத்தான். பெருகிவரும் படைகளைக் கண்டான் டெனெதோர். ஆற்றில் ஏறிவரும் கருங்கப்பல்களைக் கண்டான். அக்கப்பல்களில் வருபவன் இப்போது யாரென்பதைக் காணவில்லை. செய்தித்தாள் வாசிக்கும் நமக்கு இது அந்நியமான நோயன்று. பொய் ஒன்றுகூடச் சொல்லப்படாமலே ஒருவன் முழுமையாக ஏமாற்றப்படலாம் என்பதற்கு இதனினும் தெளிவான உருவகத்தை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

2003 ஆம் ஆண்டில் பீற்றர் ஜக்சன் இயக்கிய திரைப்படம் 11 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. படத்திற் பல சிறப்புகள் உண்டு என்பதை மறுக்கேன். ஆனால் டெனெதோருக்கு அது இழைத்தது அநீதி. மகன் சாவை நோக்கிக் குதிரையேறிச் செல்லும் வேளையில் வாயில் சாறொழுகத் தக்காளி தின்னும் கிழவனாக அவனைக் காட்டினார்கள். உதவி கேட்கும் தீக்குறிகளை ஏற்ற மறுக்கும் மூடனாகவும் காட்டினார்கள். நூலிலோ தீக்குறிகளை ஏற்றியவன் அவனே. றோகனுக்குத் தூதனுப்பியவனும் அவனே. முதுமையில் உடல் தளரலாகாதென்று இரவிலும் கவசத்தைக் களையாதவன் அவன். பைத்தியக்காரன் ஒருவன் வீழ்ந்தால் அது வெறும் விபத்து. அறிவும் ஆண்மையும் நிறைந்தவன் வீழ்ந்தாலன்றோ அவலச்சுவை பிறக்கும்? படத்தை மட்டும் பார்த்துவிட்டு நூலைப் பேசும் மாணவர்களுக்கு இதை எத்தனை முறை சொல்வது!

குலத்தின் நோயை நூல் ஒரு சிறு நிகழ்ச்சியில் காட்டிவிடுகின்றது. மூத்த மகன் பொறோமிர் சிறுவனாயிருக்கையில் தந்தையிடம் கேட்கின்றான்: மன்னன் வராவிட்டால் எத்தனை நூறாண்டில் பொறுப்பாளன் மன்னனாவான்? பெருமை குறைந்த வேறு நாடுகளில் சில ஆண்டு போதும், கொண்டோரில் பதினாயிரம் ஆண்டும் போதா என்பது தந்தையின் விடை. இதனைப் பணிவென்று கொள்வோர் உளர். எனக்கு அது பணிவாகத் தோன்றவில்லை. முடி சூடாமையே அக்குலத்துக்கு முடியாகிவிட்டது. மற்றவர்கள் ஆசனத்தைக் கொண்டு செருக்குற்றார்கள். இவர்கள் ஆசனத்தில் அமராமையைக் கொண்டு செருக்குற்றார்கள். காத்திருப்பதில் அத்துணைத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு, காத்திருக்கப்பட்டவன் வாயிலில் வந்து நிற்பது இடையூறாகத்தானே இருக்கும்?

வந்து நின்றபோது டெனெதோரிடம் நியாயமும் இருந்தது. இங்கேதான் பெலெண்டூர் பேசுகின்றான். வடகுலத்தின் உரிமை முன்னரே கேட்டு மறுக்கப்பட்டதன்றோ? வேறொரு கிளையின் வாரிசு, காட்டில் அலைந்தவன், ஆண்டாண்டு காலம் இரத்தம் சிந்தி நகரைக் காத்த குலத்தை ஏவலராக்குவதா? பிறப்பால் வரும் உரிமையை ஏற்காத இக்கால வாசகன் இவ்விடத்தில் டெனெதோர் பக்கம் சாய்ந்தால் அவனை நான் குறைகூறேன். ரொல்கீன் முடியாட்சியில் ஈடுபாடுடையவர். அவரோடு நமக்கு உடன்பாடு வேண்டியதில்லை. ஆயினும் டெனெதோர் குடிகளின் பெயரால் எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். தன் காலத்தில் இருந்தவாறே, தன் முன்னோர் காலத்தில் இருந்தவாறே எல்லாம் இருக்க வேண்டும். தன் ஆசனம் தன் மகனுக்குச் செல்ல வேண்டும். அஃது இயலாதாயின் எதுவுமே வேண்டாம். இதுவே அவன் கோரியது. கடைசிச் சொல்லில்தான் நான் அவனை விட்டு விலகுகின்றேன். இரவலாய்ப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க மனமின்றி எரித்துவிடுவேன் என்பவன் காவலன் ஆகான்.

3019 மார்ச் 15 ஆம் நாள் காலை. மூத்த மகன் முன்னரே மாண்டான். இளையவன் ஃபராமிர் காயமுற்று நினைவிழந்து கிடக்கின்றான். அவனை அந்தப் போருக்கு அனுப்பியவன் தந்தையே, அதுவும் இறந்த அண்ணனோடு ஒப்பிட்டு நெஞ்சறுத்த பின்பு. பொறுப்பாளர்களின் கல்லறை மண்டபத்தில் விறகடுக்கி, மகனையும் உடன்வைத்து எரிய முற்படுகின்றான் டெனெதோர். கண்டால்ஃப் விரைந்து வந்து மகனை மீட்கின்றான். தந்தை வெண்கோலைத் தன் முழங்காலில் வைத்து முறித்துத் தீயிலெறிந்து, காட்சிக்கல்லை மார்போடணைத்துக்கொண்டு எரிந்து மடிகின்றான். அதே காலையில் நகர்வாயிலுக்கு வெளியே றோகன் நாட்டுக் குதிரைப்படை வந்து பொருதுகொண்டிருந்தது. 509 ஆண்டுகளுக்கு முன்பு கிரியோன் கொடுத்த நிலத்திலிருந்து வந்த படை அது. குலத்தின் தலைசிறந்த கொடை நகரைக் காக்க, குலத்தலைவன் அதனைக் காணாமலே மாண்டான். ஆசிரியர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமற் போகின்றார்.

கண்டால்ஃப் முன்னொரு நாள் டெனெதோரிடம் தானும் ஒரு பொறுப்பாளனே என்று சொல்லியிருந்தான். எந்த நாடும் தனதன்று. ஆபத்திலிருக்கும் நல்லனயாவும் தன் காவலிலுள்ளவை என்றான். டெனெதோர் அதைச் செவிமடுத்திருப்பான், உட்கொண்டானோ அறியேன்.

உட்கொண்டவன் ஃபராமிர். வெற்றி பெற்றும் அரகோர்ன் தன் கொடியை இறக்கி நகர்க்கு வெளியே தங்கினான். மருத்துவனாக அன்றி அரசனாக உள்ளே வரவில்லை. முடிசூட்டு நாளில் ஃபராமிர் வாயிலில் நின்று வெண்கோலை நீட்டித் தன் பதவியைத் துறந்தான். பின்னர் மக்களை நோக்கி, இவன் மன்னனாக உள்ளே வருதல் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டான். 26 பேரில் எவரும் கேளாத கேள்வி அது. மக்கள் ஒரே குரலாய் ஆம் என்றனர். அரகோர்னோ கோலை அவன் கையிலேயே திரும்பக் கொடுத்து, அப்பதவி அவனுக்கும் அவன் வழியினருக்கும் உரியதென்றான். ஃபராமிரின் உறைவிடம் எமின் ஆர்னன் மலைநாட்டில் அமைந்தது. ஹூரின் புறப்பட்டு வந்த அதே மலைநாடு.

நூலின் முன்னுரையிலே, அவசரக்காரர் கவனியாது விடும் செய்தியொன்று உண்டு. அரகோர்ன் மன்னனின் காதல் வரலாற்றை முழுமையாக எழுதி வைத்தவன் பராகிர் என்பவனாம். அவன் ஃபராமிரின் பேரன்.