கறுப்புத் துணியில் வர்ணம்

பல வர்ணப் புகைப்படமொன்றைக் கறுப்புப் பனியனில் அச்சிட வேண்டுமானால், காகித அச்சுக்குரிய நான்கு வர்ண முறை அங்கே பலிப்பதில்லை. ஏனெனில் அந்த மைகள் ஒளியை ஊடுருவ விடும் சுபாவமுடையவை, அவை துலங்குவதற்கு வெண்மையான பரப்பே ஆதாரம். ஆகையால் திருப்பூர் ஸ்கிரீன் பிரிண்டிங் கூடங்களில், முதலில் வெள்ளை மையை அடித்தளமாக இட்டு, சூடு காட்டி இறுகச் செய்து, அதன்மேல் சிவப்பு, நீலம், மஞ்சள் முதலிய அடர்ந்த மைகளை ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கிரீன் வைத்து நுண்புள்ளிகளாகப் பதித்து, முடிவில் பிரகாசமான இடங்களுக்கு மட்டும் மற்றொரு வெள்ளையைச் சேர்த்து, சுமார் 6 முதல் 8 ஸ்கிரீன்களிலேயே எண்ணற்ற வர்ண பேதங்கள் உள்ளன என்ற பிரமையை உண்டாக்குகிறார்கள். இந்தச் சூக்ஷ்மம் நம் தோல் பதனிடும் நகரங்களில் உள்ளோருக்கு அந்நியமானதன்று. கருமையேறிய தோலில் மெல்லிய சாயம் எடுபடாது, மறைக்கும் சக்தியுள்ள நிறமிப் பூச்சே முதலில் வேண்டும் என்பதை ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலுக்கு மெருகேற்றுவோர் அநுபவத்தால் அறிவார்கள். ஆதலால் இவ்வித்தையைப் பயில விரும்பும் வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய தோல் நகரங்களின் இளைஞர்கள் பாதி வழி கடந்தவர்களே என்பது என் அபிப்பிராயம். கணினி ஒரு நொடியில் வர்ணங்களைப் பிரித்துத் தரும். ஆனால் துணியில் புள்ளி விரிந்து நடுத்தரச் சாயைகள் இருண்டுபோவதை அச்சிட்டுப் பார்த்த கண்ணே உணரும். போட்டோஷாப்பில் ஒவ்வொரு வர்ணத்தையும் கையாலேயே பிரித்துப் பழகுங்கள். மேல் வர்ணங்களின் விளிம்பில் வெள்ளை எட்டிப்பாராதபடி அடித்தளத்தை இம்மியளவு குறுக்கக் கற்கும்வரை தானியங்கி மென்பொருளை நாடாதீர்கள்.