திண்டுக்கல்லில் ஒரு மழைநாள்

சைக்கிளில் நெடும்பயணம் செல்வோர் ஓய்வு நாளைப் பெரும்பாலும் ஓர் இழப்பாகவே எண்ணுகின்றனர். எத்தனை கிலோமீட்டர் கடந்தோம் என்னும் கணக்கே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு நாள் முழுவதும் சக்கரம் சுழலாமல் நிற்பதை இளைஞர்களால் பொறுக்க இயலுவதில்லை. அந்த ஓய்வு ஐப்பசி அடைமழையால் வந்ததாயின் சொல்லவே வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து மணப்பாறை, வடமதுரை வழியாகத் திண்டுக்கல் வந்து சேர்ந்து, மறுநாட்காலை பழனி நோக்கிப் புறப்படவிருந்த எங்கள் சிறு குழுவிலும் இந்த முணுமுணுப்பு எழுந்தது. மத்ரஸா விடுமுறையில் என்னோடு வந்திருந்தவர் மாணவர் மூவர். "ஹஜ்ரத், ஒட்டன்சத்திரம் வரையிலாவது போய்விடலாமே" என்றார் அவர்களுள் மூத்தவர்.

நான் இசையவில்லை. நனைந்த சக்கர விளிம்பைப் பிரேக் கட்டை உடனே பற்றுவதில்லை. முதலில் நீரை வழித்து எறிய வேண்டும். பிறகுதான் பிடிமானம் கிட்டும். அதற்குள் வண்டி பல அடி தூரம் ஓடிவிடும். லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் அந்தச் சில அடிகள் போதும், ஒரு தாயின் மடி வெறுமையாவதற்கு. முஸாபிருக்கு மார்க்கமே சலுகை வழங்கியிருக்க, நாம் ஏன் நம்மை வருத்திக்கொள்ள வேண்டும்? அவ்வாறு தங்கிவிட்ட நாளில் கண்டவற்றையே இம்மாதம் வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

திண்டுக்கல் என்றதும் நம் இல்லங்களில் நினைவுக்கு வருபவை பிரியாணியும் பூட்டும்தாம். சீரகச் சம்பாவின் மணத்தை நானும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் ஊருக்குப் பெயர் தந்த கல்லின் மீது ஏறிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலைத்தொடர். இடையே விரிந்த சமவெளியில், யாரோ சாய்ந்துகொள்வதற்காக இட்ட திண்டு போல அந்தப் பாறை தனித்துக் கிடக்கிறது.

முற்பகலில் மழை சற்று ஓய்ந்ததும் கோட்டைக்குச் சென்றோம். இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோட்டை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்தது. ஈரப் பாறை வழுக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறினோம். மேலே சென்றபின்தான் மழைநாளின் அருமை விளங்கிற்று. வெயிற்காலத்தில் வெறும் பள்ளங்களாகத் தோன்றும் இடங்களை நோக்கி, பாறையின் சரிவெங்கும் நீர் மெல்லிய படலமாக வழிந்து வந்து சேர்கிறது. இத்தகைய மொட்டைப் பாறையின் மீது படையொன்று முற்றுகையைத் தாங்கி நிற்பது எங்ஙனம்? பீரங்கி மட்டும் போதாது, குடிநீர் வேண்டும். மதிலைக் கட்டியவர்கள் மழையையும் கணக்கில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். இதனைப் புத்தகத்தில் பத்து முறை படிப்பதிலும் நனைந்த காலோடு ஒரு முறை காண்பது மேலானது.

மைசூர் அரசின் பிடிக்குள் வந்த இக்கோட்டைக்கு 1755இல் பவுஜ்தாராக வந்தவர் ஹைதர் அலீ. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் படைவீரர், இங்கேதான் பிரெஞ்சுத் தொழில்வல்லாரைக் கொண்டு ஆயுதச் சாலை ஒன்றை அமைத்தார். ஆறே ஆண்டுகளில், 1761இல், மைசூரின் அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது. அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசுவது நம் வழக்கம். அந்த ஏற்றத்தின் முதற்படி திண்டுக்கல் என்பதே என் கருத்து.

மாணவர்களுக்கு நான் அதிக நேரம் சொன்னது வேறொரு வரலாறு. 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயப் படையால் கொல்லப்பட்டபின், அவர்தம் துணைவியார் வேலுநாச்சியார் இவ்வட்டாரத்து விருப்பாட்சிப் பாளையத்தில் கோபால் நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். ஹைதரைச் சந்தித்த அரசியார் உருது மொழியிலேயே உரையாடி அவரை வியக்க வைத்தார் எனச் சொல்லப்படுகிறது. ஏறத்தாழ எட்டாண்டுகள் காத்திருந்து, ஹைதரின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். ஓர் இந்து அரசி, ஒரு நாயக்கர், ஒரு முஸ்லிம் அதிபதி ஆகிய மூவரையும் ஒரே காரியத்தில் இணைத்த நிலம் இது. பாடநூல்களில் இதற்குக் கிடைக்கும் இடம் சில வரிகளே. மன்னர்களின் பெயரால் மக்களைப் பிரித்துப் பேசுவோர் பெருகியுள்ள காலத்தில், இந்தச் சில வரிகளை வீட்டில் நாமாவது விரித்துச் சொல்ல வேண்டாமா?

1790இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் இப்பகுதியை அவர்களுக்கே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அடைக்கலம் தந்த கோபால் நாயக்கரை 1801இல் தூக்கிலிட்டனர்.

மீண்டும் தூறல் தொடங்கவே இறங்கிவிட்டோம். லுஹர் தொழுகை பேகம்பூர்ப் பள்ளிவாசலில். ஹைதரின் சகோதரியார் அமீருன்னிஸா பேகம் அங்கு அடங்கியிருப்பதாகவும், அவர் பெயராலேயே அப்பகுதி பேகம்பூர் என வழங்குவதாகவும் ஊரார் கூறுகின்றனர். போர்களின் ஆண்டுகளை ஒப்பித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் அங்கே மட்டும் மௌனமாயினர். அண்ணனின் வெற்றியும் தோல்வியும் நூல்களில் இருக்கின்றன. அந்த அம்மையாருக்கு எஞ்சியிருப்பது ஒரு பேட்டையின் பெயர்.

பிற்பகல் முழுவதும் மழை. பூட்டுப் பட்டறை ஒன்றில் ஒதுங்கி நின்றோம். இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, உள்ளே நெம்புகோல்களைப் பொருத்தி, ஒவ்வொரு சாவியையும் அதனதன் பூட்டுக்கென்றே கையால் செய்கிறார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மையே. ஆயினும் இயந்திரத்தில் செய்த மலிவான வடநாட்டுப் பூட்டு சந்தையை நிறைத்துவிட்டது. அலிகர் என்றால் நமக்குப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். அந்தப் பட்டறைப் பெரியவருக்கோ போட்டிக்கடைதான் நினைவுக்கு வருகிறது! அரத்தின் ஓசைக்கு நடுவே, பிள்ளைகளின் ஆவலைக் கண்டு, மணிப்பூட்டின் நுட்பத்தை விளக்கினார். சாவியைத் திருப்புகையில் உள்ளிருந்து மணி ஒலிக்கும். வீட்டாருக்குத் தெரியாமல் அதைத் திறக்க முடியாது. எங்கள் மத்ரஸாவின் கிதாபு அலமாரிக்கு அப்படி ஒன்று செய்து தர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். முன்பணம் எதுவும் வாங்காமல், அலமாரிக் கதவின் கனத்தை மட்டும் விசாரித்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.