கலர் வேண்டாம், எரியாமல் இருந்தால் போதும்!

கொடுங்கையூரில் ஒரு மருந்துக் கடை. பகல் 12 மணி. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டு இருந்தது.

இளம் தாய் ஒருவர் கடை வாசலில் நின்றார். அவர் இடுப்பில் 4 வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் கன்னம் இரண்டும் சிவந்து தடித்து இருந்தன. முழங்கை மடிப்பில் கரப்பான். வியர்வை பட்டாலே எரியும் தோல் அது. அங்கன்வாடியில் இருந்து வரும் வழி எல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறது.

"அண்ணே, வெயிலுக்குப் பூசுற கிரீம் இருக்குதாமே. கொழந்தைக்கு ஒத்துக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டார்.

கடைக்காரர் 3 டியூப்களை எடுத்து வைத்தார். மூன்றிலும் பொடிப் பொடியாக இங்கிலீஷ் எழுத்து. ஒரு டியூபின் மேல், வெள்ளை வெளேர் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டு இருந்தாள்.

பக்கத்தில் இருமல் மருந்து வாங்க வந்த பாட்டி அதைக் காட்டி, "இதை வாங்கும்மா. பொண்ணு நல்லா கலராயிடும்" என்றார்.

அந்தத் தாய் சொன்ன பதில் இது:

"கலர் வேணாம் ஆயா. எரியாம இருந்தாப் போதும்."

எவ்வளவு பெரிய உண்மையை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார்! வெயில் களிம்பு அழகுச் சாமான் அல்ல. அது குழந்தைக்குப் பிடிக்கும் குடை. இதை விற்பவர்களும் மறந்துவிட்டார்கள், வாங்குகிறவர்களும் மறந்துவிட்டோம்.

கறுப்பு குறை அல்ல

வெயிலில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது. அதற்குப் "புற ஊதாக் கதிர்" என்று பெயர். சூடு வேறு; இந்தக் கதிர் வேறு. காசிமேட்டில் கடல் காற்று குளுகுளு என்று வீசும்போதும் இந்தக் கதிர் தோலைச் சுடும். மேகம் மூடி இருந்தாலும் ஒரு பங்கு கீழே வந்துவிடும்.

இந்தக் கதிரை அளக்க ஓர் எண் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2 வரை இருந்தால் பயம் இல்லை. 8-ஐ எட்டினால் மிக அதிகம். 11-ம் அதற்கு மேலும் போனால் மிகக் கடுமை. சென்னையில் கோடைக்கால நண்பகலில் அது 11-ஐத் தாண்டுவது சாதாரணம்.

காரணம் என்ன? நம் ஊருக்கு நேர் மேலே சூரியன் வருகிறது. ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. ஒன்று, ஏப்ரல் 24-ந் தேதி வாக்கில். மற்றொன்று, ஆகஸ்டு 18-ந் தேதி வாக்கில். ஆகவே, அக்னி நட்சத்திரம் முடிந்ததும் ஆபத்து முடிந்தது என்று எண்ணக் கூடாது. பள்ளிக்கூடம் நடக்கும் ஆகஸ்டு மாதத்திலும் அதே சூரியன்தான் உச்சிக்கு வருகிறது.

நம் தோலின் கறுப்பு, இந்தக் கதிருக்கு எதிராக இயற்கை தந்த குடை. "மெலனின்" என்ற நிறப்பொருள் கதிரைத் தடுக்கிறது. கறுப்பைக் குறை என்று சொல்கிறவர்கள், குடையைக் கிழிக்கச் சொல்கிறவர்கள்!

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அந்தக் குடை முழுசாக இருப்பது இல்லை. கரப்பான் உள்ள தோல் வறண்டு, அதன் மேல் காப்புக் குலைந்து இருக்கும். வெண்புள்ளி விழுந்த இடத்தில் நிறப்பொருள் இல்லை. பிறவியிலேயே நிறம் இல்லாத குழந்தைகளும் இருக்கிறார்கள். இவர்களை வெயில் சீக்கிரம் சுட்டுவிடும். இவர்களுக்குக் களிம்பு ஆடம்பரம் அல்ல, அவசியம்.

முதலில் நிழல், அடுத்து துணி

விளம்பரக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. வெயில் தடுப்பில் களிம்பு மூன்றாவது. முதலாவது நிழல். இரண்டாவது துணி. இந்த இரண்டும் எரியாது, அரிக்காது, ஒவ்வாமை வராது. தோல் கெட்ட குழந்தைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நிழலை அளக்கக் கடிகாரம் கூட வேண்டாம். குழந்தையை வெயிலில் நிறுத்துங்கள். அதன் நிழல், அதன் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா? கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். உள்ளே அழைத்து வாருங்கள். நிழல் நீண்டு விழுகிறதா? விளையாட விடுங்கள். பெரும்பாலும் காலை 9 மணிக்கு முன்பும், மாலை 4 மணிக்குப் பின்பும் நல்ல நேரம்.

வெயிலுக்குப் பயந்து குழந்தையைப் பூட்டி வைப்பதும் தவறு. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் "டி" வெயிலில்தான் கிடைக்கிறது. ஓடி ஆடாத குழந்தை குழந்தையா?

துணிக்கு வருவோம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி நல்லது. துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் கதிரும் உள்ளே வரும். முழுக்கைச் சட்டை போடுங்கள். தொப்பி என்றால், முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டு இருக்கும் கிரிக்கெட் தொப்பி போதாது. காதும் பிடரியும் அதில் மறைவது இல்லை. சுற்றிலும் விளிம்பு உள்ள தொப்பி வேண்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போகும்போது ஒன்று வாங்கி வாருங்கள். ஒரு டியூப் களிம்பின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

6 மாதம் ஆகாத கைக்குழந்தைக்குச் சாதாரணமாகக் களிம்பே வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதற்கு நிழலும் துணியும்தான்.

எந்தக் களிம்பு?

நிழலும் துணியும் மறைக்க முடியாத இடங்கள் உண்டு. முகம், காது, புறங்கை, கால். அங்கேதான் களிம்புக்கு வேலை.

களிம்பில் இரண்டு வகை. ஒரு வகை, தோலில் ஊறிக் கதிரை உறிஞ்சும் ரசாயனம். மற்றொரு வகை, தோலின் மேல் படிந்து நின்று கதிரைத் தடுக்கும் தாதுப்பொடி. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்பவை இந்த இரண்டாவது வகை. சீக்கிரம் எரிச்சல் காணும் தோலுக்கு இது ஏற்றது. அமெரிக்காவின் மருந்துத் துறை 2019-ல் களிம்புப் பொருள்களை ஆராய்ந்தது. பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் உள்ளவை என்று இந்த இரண்டைத்தான் சொன்னது.

இந்தக் களிம்பைப் பூசினால் முகத்தில் லேசாகச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். "என்ன, சுண்ணாம்பு அடித்திருக்கிறாய்?" என்று சிலர் கேலி செய்வார்கள். செய்யட்டும்! தோலுக்கு மேலே காவல் நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

டியூபில் உள்ள இங்கிலீஷைப் படிக்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். கீழே உள்ளதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டுங்கள்:

1. குழந்தைகளுக்கு உரிய சன்ஸ்கிரீன் வேண்டும்.

2. ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளதாக இருக்க வேண்டும்.

3. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

4. "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்று எழுதி இருக்க வேண்டும்.

5. வாசனை சேர்த்தது வேண்டாம். நிறத்தை வெளுக்க வைக்கும் கிரீம் வேண்டவே வேண்டாம்.

எஸ்.பி.எஃப். 30 என்றால், தோலைச் சுடும் கதிரில் 100-க்கு 97 பங்கைத் தடுக்கும். 50 என்றால் 98 பங்கு. வித்தியாசம் ஒரே ஒரு பங்குதான்! பெரிய எண்ணுக்காகப் பெரிய விலை கொடுக்க வேண்டாம். 2025 ஜூனில், ஆஸ்திரேலியாவில் "சாய்ஸ்" என்ற நுகர்வோர் அமைப்பு 20 களிம்புகளைச் சோதித்தது. 16 களிம்புகள், டியூபில் போட்ட எண்ணை எட்டவில்லை!

வாங்கியதும் முகத்தில் பூசிவிடாதீர்கள். முன்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு அளவு தடவி, ஒரு நாள் பொறுங்கள். சிவப்போ அரிப்போ இல்லை என்றால் பூசலாம். வெளியே போவதற்கு 15 நிமிடம் முன்னால் பூசுங்கள். பட்டும் படாமலும் தடவினால் பலன் இல்லை. தாராளமாகப் பூச வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். வெடித்த புண்ணின் மேல் பூசக் கூடாது.

டால்கம் பவுடர் வெயிலைத் தடுக்காது. தேங்காய் எண்ணெய் வறட்சிக்கு நல்லது. ஆனால் வெயிலுக்கு அது காவல் அல்ல. கரப்பான் அதிகமாக இருந்தால் கடைக்காரரைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

பவுடருக்கு 5, களிம்புக்கு 18!

இனி என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

தாய்மார்களுக்குப் புத்தி சொல்வது சுலபம். ஆனால் எல்லாப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்றுவது நியாயமா?

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வெயில் களிம்பு, மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. இந்தியாவிலோ அது அழகுச் சாமானாகவே விற்பனை ஆகி வருகிறது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முகப் பவுடர், ஷாம்பு, தலை எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல காரியம். ஆனால் வெயில் களிம்பு 18-லேயே நின்றுவிட்டது. முகத்தை மினுக்கும் பவுடருக்கு 5. குழந்தையின் தோலைக் காக்கும் களிம்புக்கு 18. இது என்ன கணக்கு?

உலகம் வேறு வழியில் போகிறது. நிறமி இல்லாமல் பிறந்தவர்களைத் தோல் புற்றுநோயில் இருந்து காக்க, உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெயில் களிம்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆப்பிரிக்காவில் தான்சானியா நம்மைவிட ஏழை நாடு. அங்கே கிளிமஞ்சாரோ மலை அடிவாரத்தில் உள்ள மோஷி என்ற ஊரில், ஒரு தோல் மருத்துவ நிலையமே களிம்பு தயாரிக்கிறது. "கிளிசன்" என்பது அதன் பெயர். நிறமி இல்லாதவர்களுக்கு அது வழங்கப்படுகிறது.

தான்சானியாவால் முடிவது தமிழ்நாட்டால் முடியாதா? ஊருக்கு எல்லாம் கொடுக்க வேண்டாம். டாக்டர் சீட்டு எழுதித் தரும் குழந்தைக்கு மட்டும், அரசு ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு டியூப் கொடுங்கள்.

தொப்பி கொடுங்கள்!

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை.

ஆஸ்திரேலியாவில் 1981-ல் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்பதுதான் அதன் சாரம். சிறுவர்களுக்குப் பிடிக்கும்படி, ஒரு கடல் பறவை பாட்டுப் பாடி இதைச் சொன்னது. இன்று அங்கே பல பள்ளிகளில், தொப்பி இல்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட அனுமதி இல்லை.

தமிழ்நாட்டிலும் வெயிலின் கொடுமையை உணராமல் இல்லை. 2023-லும் 2024-லும் வெயிலுக்காகப் பள்ளி திறப்பைத் தள்ளி வைத்தார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் பள்ளி திறந்த பிறகு? நண்பகலில் விளையாட்டு வகுப்பு வைக்கலாமா? அதைக் காலையிலோ மாலையிலோ வைப்பதற்கு ஒரு காசு செலவு உண்டா?

அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் செருப்பும் இலவசமாகத் தருகிறது. குளிரில் வாடக் கூடாது என்று, மலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் தருகிறது. பாராட்ட வேண்டிய காரியம். ஊட்டிக் குழந்தைக்கு ஸ்வெட்டர் என்றால், கொடுங்கையூர்க் குழந்தைக்குத் தொப்பி வேண்டாமா? காலுக்குச் செருப்புத் தந்த கை, தலைக்குத் தொப்பி தரக் கூடாதா?

அங்கன்வாடி வாசலிலும் விளையாடும் இடத்திலும் மரம் நட வேண்டும். மரம் வளரும் வரை கீற்றுப் பந்தல் போதும். ஒரு பக்கம் குப்பை மேடும், மறுபக்கம் லாரி ரோடுமாக வாழும் இந்தப் பகுதிக் குழந்தைகளுக்கு நிழலாவது மிஞ்ச வேண்டாமா?

அந்தத் தாய் என்ன செய்தார்?

மருந்துக் கடையில் நின்ற அந்தத் தாய் எந்த டியூபை வாங்கினார் என்று கேட்கிறீர்களா?

ஒன்றையும் வாங்கவில்லை. விலையைக் கேட்டார். கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். "அப்புறம் வரேண்ணே" என்றார். சேலை முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையையும் முகத்தையும் மூடினார். வெயில் படாத சுவர் ஓரமாகவே ஒதுங்கி ஒதுங்கி நடந்து போனார்.

நிழல், அடுத்து துணி. எந்தப் புத்தகமும் படிக்காமல், முதல் இரண்டு வைத்தியத்தையும் அவர் சரியாகச் செய்துவிட்டார்.

மூன்றாவதைத்தான் அவரால் வாங்க முடியவில்லை. அதைக் கொடுக்க வேண்டியது நாம் அல்லவா?